கோலத்தை அரும்பொருளகத்தில் சேர்ப்பது எப்படி? சூசி லிங்கம் வகித்த பதவியின் உள்விவரம்

மார்கழி மாதம், சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளம். அரிசி மாவில் ஒரு புள்ளிக் கோலம்: 15 புள்ளி, இடைப்புள்ளி 8-இல் நிறுத்தம். மறுநாள் காலை துப்புரவு ஊழியர் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவார். இந்தக் கோலத்தை ஓர் அரும்பொருளகம் விலைகொடுத்து வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அது வாங்குவது எதை? மாவையா, தரையையா, போட்டவரின் கைப்பழக்கத்தையா, நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த புள்ளிக் கணக்கையா? பத்து ஆண்டு கழித்து அந்தக் கோலத்தைத் திரும்பப் போட வேண்டுமென்றால் யார் போடலாம்? மாவுக்குப் பதில் சுண்ணாம்புத் தூள் போட்டால் அது அதே கோலமா?

தற்காலக் கலையைச் சேகரிக்கும் நிறுவனத்தின் தலைவர் மேசைக்கு வருவது பெரும்பாலும் இதே கேள்விதான், வேறு வேறு வேடத்தில். எண்ணெய் ஓவியம் என்றால் சட்டம் போட்டு மாட்டலாம், கழற்றிக் கிடங்கில் வைக்கலாம். அழுகுவது, உருகுவது, நடந்துபோவது, மின்சாரம் நின்றால் இல்லாமல் போவது, பார்ப்பவரைக் கோபப்படுத்துவது எல்லாம் அப்படி அடங்காது. எதை வாங்குவது என்பதைப் பற்றித்தான் வெளியில் அதிகம் பேசுகிறார்கள். வாங்கியதை எப்படி வைத்திருப்பது, வைத்திருக்க முடியாததை எந்த வடிவில் வைத்திருப்பது என்பதில்தான் அந்தப் பதவியின் பாதி வேலை கழிகிறது.

சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் 1996 ஜனவரியில் திறந்தது. அதன் முதல் பெண் இயக்குநர் சூசி லிங்கம், 2013 ஆகஸ்டில் பொறுப்பேற்று 2016-இல் விலகினார். மூன்று ஆண்டுக்கும் குறைவான காலம். அவரைத் தேர்ந்து எழுதக் காரணம் 'முதல் பெண்' என்ற பட்டம் மட்டுமல்ல. வைத்திருக்கவே முடியாத கலை எங்கே செய்யப்பட்டதோ அந்தப் பக்கத்திலிருந்து, வைத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட பக்கத்துக்கு வந்தவர் அவர். இரண்டு பக்கத்தையும் உள்ளிருந்து பார்த்தவர்கள் இங்கே அதிகமில்லை.

பார்க்வே பரேட், ஐந்தாம் மாடி

1991-இல் மரின் பரேட் வட்டாரத்தின் பார்க்வே பரேட் கடைத்தொகுதியில், ஐந்தாம் மாடி நடைபாதையில், 'ஃபிஃப்த் பேசேஜ்' என்ற கலை இடம் தொடங்கியது. பெயரிலேயே முகவரி இருக்கிறது. சூசன் விக்டர் என்ற கலைஞரும் சூசி லிங்கமும் அதன் நிறுவனர்களில் முக்கியமானவர்கள். கலைஞர்களே நடத்திய, பெண்கள் முன்னின்ற இடம்.

கடைத்தொகுதி நடைபாதையில் கண்காட்சி வைப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை எளிதாக ஊகிக்கலாம். கதவு கிடையாது, ஆகவே பூட்டு கிடையாது. சுவர் வாடகைக்காரருடையதல்ல, ஆணி அடிக்கக் கட்டிட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். தீ விபத்தின்போது மக்கள் வெளியேறும் வழியாகையால் இத்தனை அடி அகலத்தைக் காலியாகவே விட வேண்டும், அதனால் தரையில் பரப்பும் படைப்புகள் சுவரோரம் ஒதுங்கிவிடும். கடை மூடியதும் குளிர்சாதனமும் நிற்கும், காகிதம் இரவில் ஊறிக் காலையில் காயும். இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது ஒன்று: காலணி வாங்க வந்தவர் கலையின் மேல் முட்டிக்கொள்வார். அரும்பொருளகத்தின் படியேறி வருபவர் ஏற்கெனவே மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு வருபவர். நடைபாதையில் அந்தத் தயாரிப்பு இல்லை, அதுதான் அந்த இடத்தின் வலிமை. அதுவே பின்னால் வினையாகவும் ஆனது.

1993 டிசம்பர் 26 முதல் 1994 ஜனவரி 1 வரை 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்' குழுவும் ஃபிஃப்த் பேசேஜும் சேர்ந்து பார்க்வே பரேடில் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ஜெனரல் அசெம்பிளி' என்ற ஒருவார நிகழ்ச்சியை நடத்தின. புத்தாண்டு இரவில் ஜோசப் இங் என்ற இளைஞர் நிகழ்த்திய ஒரு படைப்பில், பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நின்று தம் உடல்முடியைக் கத்தரித்தார். ஓரினச்சேர்க்கையாளர்மீது 1993-இல் நடந்த காவல்துறை நடவடிக்கையையும், கைதானவர்களுக்குக் கிடைத்த பிரம்படியையும் பற்றிய படைப்பு அது. ஒரு மாலைப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. அவருக்கு 1,000 வெள்ளி அபராதம். காட்சிக்கூட மேலாளர்மீதும் பொதுக் கேளிக்கைச் சட்டத்தின்கீழ் வழக்கு. ஃபிஃப்த் பேசேஜ் பார்க்வே பரேடிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. கலைஞர் தம் உடலையே கொண்டு பார்வையாளர்முன் செய்துகாட்டும் நிகழ்த்துகலைக்கும், பார்வையாளர் இடையில் நுழைந்து கதையை மாற்றும் 'ஃபோரம் தியேட்டர்' என்ற நாடக வகைக்கும் அரசு நிதி இல்லை என்று முடிவானது. எழுத்துப்பிரதி இல்லாத எதற்கும் முன்கூட்டி அனுமதி தருவது கடினம் என்பது அதன் அடிப்படை. அந்த நிதித் தடை நீங்கியது 2003-இல்.

இந்தப் பத்தாண்டு இடைவெளியை அறநெறிச் சர்ச்சையாக மட்டும் பார்ப்பது போதாது. சேகரிப்பு வேலையில் இருப்பவருக்கு அது ஒரு காலி அலமாரி. நிதி இல்லாததால் நிகழ்வு குறைகிறது. நடந்தவற்றுக்கும் நல்ல ஒளிப்பதிவு இல்லை. ஒளிப்பதிவு இல்லாததால் வாங்குவதற்குப் பொருள் இல்லை. 1990-களின் சிங்கப்பூர் நிகழ்த்துகலையைப் பற்றிக் கண்காட்சி வைக்க நினைப்பவர் இன்றும் புகைப்படம், அழைப்பிதழ், பத்திரிகைத் துணுக்கு, நீதிமன்றச் செய்தி இவற்றைத்தான் நம்பியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் ஓர் அரும்பொருளகம்

லிங்கம் பிறகு ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் படித்தார். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இலக்கியம், சமயம், தத்துவம் மூன்றையும் இணைத்த முனைவர் பட்டம். தேசியக் கல்விக் கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் பதவி வந்தது.

அவர் வந்து சேர்ந்த நேரம் சிக்கலானது. 2013-இன் இறுதியில் கலை அரும்பொருளகம் தேசிய மரபுடைமைக் கழகத்தின் ஒரு பிரிவு என்ற நிலையிலிருந்து விலகி, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட தனி நிறுவனமானது. கேட்க வெறும் தாள் வேலை போலிருக்கும். நடைமுறையில், ஊழியர் நியமனம், சம்பள அட்டவணை, கணக்குத் தணிக்கை, நன்கொடை திரட்டல் எல்லாம் புதிய இயக்குநர் குழுவின் கீழ் வருகின்றன. நன்கொடை என்றால் இங்கே கணக்கு இப்படி: தகுதிபெற்ற பொது நல அமைப்புக்கு ஒருவர் 10,000 வெள்ளி கொடுத்தால் அவருடைய வரிக்குரிய வருமானத்திலிருந்து 25,000 வெள்ளி கழியும். சிங்கப்பூரின் 50-ஆம் ஆண்டான 2015-இல் அது 30,000 ஆக இருந்தது. ஆகவே அந்த ஆண்டில் கலை நிறுவனத் தலைவர்கள் எல்லாருமே கண்காட்சிக் கூடத்தைவிட விருந்து மேசையில் அதிக நேரம் உட்கார்ந்திருந்தால் வியப்பில்லை.

இரண்டாவது மாற்றம் 2015 நவம்பரில் திறந்த தேசியக் கலைக்கூடம். அதுவரை கலை அரும்பொருளகம்தான் நாட்டின் ஓவிய வரலாறு முழுவதற்கும் வீடு. லியூ காங், ஜார்ஜெட் சென் போன்றோரின் நவீன ஓவியங்கள், குடும்பத்தோடு வருபவர் அடையாளம் கண்டு நின்று பார்க்கும் படங்கள், இனிப் புதிய கலைக்கூடத்தின் பொறுப்பு. தென்கிழக்காசியத் தற்காலக் கலை மட்டுமே இங்கே மிச்சம். கூட்டத்தை இழுக்கும் படங்களைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைத் தக்கவைக்கச் சொன்னார்கள் என்று இதைச் சொல்லலாம். கொஞ்சம் கடுமையான வார்த்தைதான், ஆனால் தவறில்லை.

மூன்றாவது, கட்டிடம். பிராஸ் பசா சாலையில் உள்ள செயின்ட் ஜோசப்ஸ் இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் பழைய கட்டிடம் அது. நடுப்பகுதி 1867-ஐச் சேர்ந்தது. 1992 முதல் தேசிய நினைவுச்சின்னம். வகுப்பறைகள் காட்சி அறைகளாயின. வகுப்பறையின் கதவு பிள்ளைகள் நுழைவதற்கு அமைந்தது, மூன்று மீட்டர் மரப்பெட்டி நுழைவதற்கல்ல. நினைவுச்சின்னம் என்பதால் கதவு நிலையைப் பெயர்க்க முடியாது. மாடித் தளத்தின் எடைத் தாங்குதிறனும் வகுப்பறைக் கணக்குத்தான். இன்றைய வழக்கமான வடிவமைப்பில் வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ வைப்பார்கள். கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,400 கிலோ. இடைவெளிகளோடு குவிந்த இடிபாடு (சில படைப்புகள் அதனாலேயே ஆனவை) என்றால் 1,500 கிலோ என்று கொள்ளலாம்; அரை மீட்டர் உயரத்துக்குக் குவித்தாலே சதுர மீட்டருக்கு 750 கிலோ ஆகிவிடும். 'மாடியில் வைக்கலாமா' என்ற கேள்விக்குக் கலைஞரின் விருப்பம் அல்ல, கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்துதான் பதில்.

ஒரு படைப்பு சேகரிப்புக்குள் நுழையும் வழி

பொதுவாகத் தற்காலக் கலையை வாங்குவதில் உள்ள படிகள் வெளியே தெரிவதில்லை. முதலில் க்யூரேட்டர், அதாவது படைப்புகளைத் தேர்ந்து கண்காட்சியை வடிவமைப்பவர், ஒரு முன்மொழிவு எழுதுவார்: இந்தப் படைப்பு ஏன், இதே கலைஞரின் வேறு படைப்பு ஏற்கெனவே இருக்கிறதா, வட்டார வரலாற்றில் எந்த ஓட்டையை இது அடைக்கிறது. பிறகு பாதுகாப்பு நிபுணர் பொருளைப் பார்த்து நிலை அறிக்கை தருவார். அடுத்தது கலைஞருக்கு அனுப்பும் கேள்விப் பட்டியல். அனுபவமுள்ளவர்கள் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். எந்தப் பகுதி மாற்றத்தக்கது, எது மாற்றக்கூடாதது? பல்பு எரிந்துபோனால் அதே நிறவெப்பம் (ஒளி மஞ்சளா வெண்மையா என்ற அளவு) வேண்டுமா? அறை சிறிதானால் படைப்பைச் சுருக்கலாமா? கலைஞர் இறந்த பிறகு யாரைக் கேட்பது? இந்தப் பதில்கள் வந்த பிறகுதான் சேகரிப்புக் குழுவுக்குப் போக வேண்டும். ஆனால் அவசரத்தில் முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கேள்வி கேட்பது எல்லா நாட்டிலும் நடக்கிற தவறு. பணம் கைமாறிய பிறகு கலைஞரிடமிருந்து விரிவான பதில் வருவது அரிது.

காணொளிப் படைப்பில் சிக்கல் வேறு வகை. '5-இல் 3' என்று எண்ணிட்ட பிரதி ஒன்றும் ஒரு சான்றிதழும் வரும். சான்றிதழ்தான் சொத்து, கோப்பை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். அமுக்காத முழுத் தரக் காணொளி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 370 கிகாபைட் பிடிக்கும். குறைந்தது மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டிடத்தில் என்பது பாலபாடம். ஆக ஒரு மணி நேரப் படைப்பு ஒன்றுக்கே ஒரு டெராபைட்டுக்கு மேல். பெட்டியில் வைத்து மறந்த வன்தட்டு ஐந்தாறு ஆண்டில் சுழலாமல் போகும். கோப்பு நலமாக இருந்தும் அதைத் திறக்கும் மென்பொருள் இல்லாமல் போவதும் உண்டு. பழைய குண்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில்தான் ஓட வேண்டும் என்று கலைஞர் எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பெட்டிகளை இப்போதே பழைய சாமான் கடைகளில் தேடிச் சேர்த்துவைக்க வேண்டும். அது செய்யாமல் விட்டவர்கள் பிறகு தட்டைத் திரையில் ஓட்டிவிட்டு விளக்க அட்டையில் மன்னிப்புக் கேட்கிறார்கள்.

சேர்ந்த பொருள்கள் ஜூரோங்கில் 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கும் மரபுடைமைப் பாதுகாப்பு நிலையத்துக்குப் போகும். மரம், துணி, நார், தோல் என்றால் முதலில் பூச்சிச் சோதனை. காற்றுப் புகாமல் உறையிட்டு மைனஸ் 20 டிகிரியில் ஓரிரு வாரம் வைப்பது ஒரு முறை. குளிர் தாங்காத பொருளுக்கு ஆக்சிஜனை 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கி மூன்று நான்கு வாரம் வைப்பார்கள். பெட்டியைத் திறப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. வெளியே 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். 20 டிகிரியில் விமானத்தில் வந்த பெட்டியைச் சரக்கு இறக்கும் இடத்திலேயே ஆர்வத்தில் திறந்தால், உள்ளே இருக்கும் புகைப்படத்தின் மேல் ஐஸ் காப்பி டம்ளரைப் போல முத்து முத்தாக வியர்க்கும். மூடியபடியே காட்சி அறைக்குக் கொண்டுபோய் 24 மணி நேரம் விட வேண்டும். காட்சி அறையில் 20 முதல் 24 டிகிரி, 50 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம். காகிதத்துக்கும் துணிக்கும் ஒளி 50 லக்ஸ். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் குளிர்சாதனத்தை நிறுத்தினால் ஈரப்பதம் சில மணி நேரத்தில் 65-ஐத் தாண்டும். பூஞ்சைக்கு அழைப்பிதழ் வைத்ததாக ஆகும். நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஈரம் மரப்பலகையைப் பிளக்கவும் செய்யும். நிதி வெட்டு வரும்போது முதலில் கண்ணில் படுவது இந்த மின்கட்டணம்தான் என்பதால், இதில் விட்டுக்கொடுக்காமல் நிற்பதும் இயக்குநரின் வேலை.

இரத்தத்தாலான திரை

2015-இல் லிங்கத்தின் காலத்தில் நடந்த '5 ஸ்டார்ஸ்' கண்காட்சி, தேசியக் கொடியின் ஐந்து நட்சத்திரங்கள் குறிக்கும் அமைதி, நீதி, சமத்துவம், மக்களாட்சி, முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டது. ஐந்து பேர்: ஹோ ட்சு நியென், மேத்யூ இங்குய், சூசன் விக்டர், சுல்கிஃப்லி மஹ்மோத், டி.கே.சபாபதி. கடைசிப் பெயரைக் கவனிக்க வேண்டும். சபாபதி ஓவியரோ சிற்பியோ அல்ல, தென்கிழக்காசியக் கலை வரலாற்றை எழுத்தில் நிறுவியவர்களில் முதன்மையானவர். கலை வரலாற்று எழுத்தையும் ஒரு படைப்பாக அதே கூடத்தில் நிறுத்தியது துணிச்சலான முடிவு. பொன்விழாக் கண்காட்சி என்றால் கொடி, பட்டாசு, பழைய புகைப்படம் என்று எளிதாக முடித்திருக்கலாம்.

சூசன் விக்டரின் 'பிளட்லைன் ஆஃப் பீஸ்' என்ற படைப்பு ஆயிரக்கணக்கான ஃப்ரெனல் வில்லைத் துண்டுகளைக் கோத்த ஒரு பெரிய திரை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு சொட்டு மனித இரத்தம். கொடுத்தவர்கள் சிங்கப்பூரர்கள். ஃப்ரெனல் வில்லை என்பது கலங்கரை விளக்கத்திலும், பேருந்தின் பின்கண்ணாடியில் ஒட்டும் அகலப் பார்வைத் தகட்டிலும் உள்ள வரிவரியான மெல்லிய வில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் திரை ஒளியைச் சிதறடிக்கும், நெருங்கினால் சிவப்புப் புள்ளி.

இதை வைத்திருப்பது எப்படி என்று யோசித்தால் ஒரு நிறுவனம் எத்தனை முனையில் தயாராக இருக்க வேண்டும் என்பது புரியும். இரத்தம் எடுக்கத் தகுதியுள்ளவர் வேண்டும். கொடுத்தவரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். அவர் பின்னாளில் மனம் மாறினால் என்ன செய்வது என்பதையும் அதில் எழுத வேண்டும். காற்றுப்பட்ட இரத்தம் சில நாளில் சிவப்பிலிருந்து பழுப்பாகும், பிறகு கறுக்கும். அந்த நிறமாற்றம் படைப்பின் பகுதியா, சேதமா? கலைஞர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அந்த வரி இல்லாவிட்டால் வருங்காலப் பாதுகாப்பு நிபுணர் இருட்டில் நிற்பார். பிளாஸ்டிக் வில்லையோ ஒளிபட்டு மஞ்சளிக்கும். வெளிநாட்டுக்குக் கடன் கொடுத்தால் மனித உயிர்ப்பொருள் என்ற வகையில் சுங்கத் தாள் தனி. ஃபிஃப்த் பேசேஜ் நாள்களிலிருந்து கூட வந்த ஒருவர் இயக்குநராக இருந்தது இந்த உரையாடலுக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. கலைஞரின் பிடிவாதத்தில் எது அலங்காரம், எது உயிர் என்று பிரித்தறிய, அந்தப் பிடிவாதத்தோடு வேலை செய்த பழக்கம் வேண்டும்.

உரிமம் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கண்காட்சிக்குக் கலைக் கேளிக்கை உரிமம் தேவைப்படலாம்; உள்ளடக்கத்தைப் பொறுத்து 16 வயதுக்கான அறிவுரைக் குறிப்பு முதல் 18 வயதுக்குக் கீழ் அனுமதி மறுப்பு வரை போகும். தவறு நடப்பது பெரும்பாலும் விதியை மீறுவதால் அல்ல, நேரத்தால். படைப்பு முழுமையாக நிறுவப்படுவதே திறப்பு நாளுக்கு முந்தைய வாரம்தான். அப்போதுதான் எல்லாரும் முதன்முறையாக அதை முழுமையாகப் பார்க்கிறார்கள். 2011 சிங்கப்பூர் பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில், லிங்கம் வருவதற்கு முன்பு, சைமன் ஃபுஜிவாராவின் நிறுவல் (பொருள்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் படைப்பு) ஒன்றிலிருந்து ஓரினச்சேர்க்கை ஆபாச இதழ்கள் கலைஞரைக் கேட்காமலேயே அகற்றப்பட்டன. பிறகு அந்தப் படைப்பே மூடப்பட்டது. இப்படி ஆன பிறகு அறிக்கை விடுவதில் பயனில்லை. பட்டியலிட்ட பொருள்கள் ஒவ்வொன்றையும் ஆறு மாதத்துக்கு முன்பே படத்தோடு பார்த்து, சிக்கலானதைக் கலைஞரிடம் நேரே பேசி, 'எடுத்தால் படைப்பு நிற்குமா' என்று எழுத்தில் வாங்கிவைப்பதுதான் வழி. 'நிற்காது' என்று பதில் வந்தால் வயது வரம்போடு காட்டுவதா, காட்டாமலே விடுவதா என்பது இயக்குநர் தனியே எடுக்க வேண்டிய முடிவு. பாதியை மட்டும் காட்டுவது மூன்றாவது வழி அல்ல.

ஒன்பது பிரிவுகள், கரி, இடிபாடு

2016-இல் இயக்குநர் பதவியிலிருந்து விலகியவர், அதே ஆண்டு சிங்கப்பூர் பினாலேயின் படைப்பாக்க இயக்குநராக இருந்தார். அக்டோபர் 27 முதல் அடுத்த பிப்ரவரி 26 வரை நடந்த அதன் தலைப்பு 'ஆன் அட்லஸ் ஆஃப் மிரர்ஸ்': கண்ணாடிகளால் ஆன நிலப்படத் தொகுதி. 60-க்கும் மேற்பட்ட கலைஞர்கள், ஒன்பது கருத்துப் பிரிவுகள். 2013 பினாலேயில் 27 க்யூரேட்டர்கள் இருந்தார்கள். அத்தனை பேர் சேர்ந்து செய்தால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குரல் கிடைக்கும், முழுமைக்கு ஒரு குரல் கிடைக்காது. ஒருவர் மேலிருந்து கருத்துச் சட்டகத்தைக் கட்டியதன் பலன் 2016-இல் தெரிந்தது. பிரிவுகளின் பெயர்கள் சில இடத்தில் தேவைக்கு மேல் கவிதையாகிவிட்டன என்பதும் உண்மை.

நம் பகுதி வாசகர்களுக்கு அதில் நின்று பார்க்க நிறைய இருந்தது. இலங்கையின் பாலா போத்துபிட்டிய, போர் மண்ணின் நிலப்படங்களின் மேல் வேறு நிலப்படங்களை வரைந்திருந்தார். நிலிமா ஷேக் காஷ்மீரைப் பற்றிய தொங்கும் திரைகளைக் கொண்டுவந்தார். சுபோத் குப்தா பழைய அலுமினியப் பாத்திரங்களால் ஒரு குடிலைத் தொங்கவிட்டார்; நசுங்கிய குண்டான், வாணலி, தட்டு என்று நம் வீட்டுப் பரணிலிருந்து இறக்கியவை போல.

நிறுவும் வேலையின் கோணத்திலிருந்து பார்த்தால் இரண்டு படைப்புகள் பாடம் சொல்பவை. ஹான் சாய் போரின் 'பிளாக் ஃபாரெஸ்ட்' கரிக்கட்டைகளாலும் கருகிய மரத்தாலும் ஆன காடு. கரி தூளாகும். தூள் காற்றோடு குளிர்சாதன வடிகட்டிக்குப் போய், அடுத்த அறையின் வெள்ளைக் காகிதத்தில் படியும். ஆகவே காற்றோட்டத்தைத் தனியாகப் பிரிப்பது, வடிகட்டிகளை அடிக்கடி மாற்றுவது, பார்வையாளர் காலில் தூள் ஒட்டாதபடி நடைவழியை ஒதுக்குவது, எரியக்கூடிய பொருளின் அளவைத் தீயணைப்பு விதியோடு ஒத்துப்பார்ப்பது என்று பட்டியல் நீளும். தாய்லாந்தின் பன்னபன் யோத்மணீ 'ஆஃப்டர்மேத்' படைப்பில் கோவில் சுவரோவியப் பாணி நுண்சித்திரங்களை உடைந்த கான்கிரீட், கல் இவற்றின் மேல் வரைந்திருந்தார். பெனஸ்ஸி பரிசு அந்த ஆண்டு முதன்முறையாகச் சிங்கப்பூரில் வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர். மேலே சொன்ன எடைக் கணக்கு இந்த வகைப் படைப்புக்குத்தான். இடிபாட்டைக் குவிப்பது எளிது. கண்காட்சி முடிந்தபின் எது குப்பை, எது படைப்பு என்று லாரிக்காரருக்குச் சொல்ல, ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணும் புகைப்படமும் வேண்டும்.

ஓர் இயக்குநரைச் சில ஆண்டு வேலையைக் கொண்டு மதிப்பிடும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒரு பெரிய கண்காட்சிக்கு 18 முதல் 24 மாதம் பிடிக்கும். ஆகவே புதிதாக வந்தவர் முதல் ஓராண்டு முன்னவரின் கண்காட்சிகளைத் திறந்துவைப்பார். அவருடையவற்றில் சிலவற்றை அடுத்தவர் திறப்பார். மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருந்தவருக்கு முழுக்கத் தமது என்று சொல்ல எஞ்சுவது ஓராண்டுச் சொச்சம்.

வடிகால்

பிராஸ் பசா கட்டிடம் பிறகு புதுப்பிப்புக்காக மூடியது. 2022 ஜனவரியில் அரும்பொருளகம் கெப்பல் ரோட்டின் தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில், ஒரு சரக்குக் கிடங்குக் கட்டிடத்தில் திறந்தது. அழகில்லாத இடம் என்று குறைப்பட்டவர்கள் உண்டு. கண்காட்சி நிறுவுபவர்கள் குறைப்படவில்லை: கன்டெய்னர் லாரி பின்பக்கமாக வந்து தளத்தோடு ஒட்டி நிற்கும், சரக்குத் தூக்கி அகலமானது, கூரை உயரம், தளம் கிடங்குச் சுமைக்கென்று கட்டியது. அதே ஆண்டு நடந்த பினாலேக்குப் பின்னா சோய், நிதா கௌஸ், ஜூன் யாப், ஆலா யூனிஸ் என்று நான்கு பெண்கள் கலை இயக்குநர்கள். பினாலேக்கு அவர்கள் இட்ட பெயரும் ஒரு பெண்ணின் பெயர், 'நடாஷா'. 2013-இல் செய்தியாக இருந்தது 2022-இல் செய்தியாகவே இல்லை. தலைப்பு ஏன் நடாஷா என்பதைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

இனி அந்தக் கோலத்துக்கு வருவோம். 1998-இல், நிகழ்த்துகலைக்கு நிதி இல்லாதிருந்த பத்தாண்டின் நடுவில், சூசன் விக்டர் 'ஸ்டில் வாட்டர்ஸ்' என்ற படைப்பைக் கலை அரும்பொருளகத்திலேயே நிகழ்த்தினார். காட்சி அறையில் அல்ல. பழைய பள்ளிக் கட்டிடத்தின் வடிகாலில் நீரை நிரப்பி அதற்குள். இன்று சிங்கப்பூர்க் கலை வரலாற்றில் திரும்பத் திரும்பப் பேசப்படும் படைப்பு அது. வாங்கிவைக்கப் பொருள் என்று எதுவும் இல்லை. நீர் வடிந்துவிட்டது, உடல் எழுந்து போய்விட்டது, வடிகால் நினைவுச்சின்னத்தின் பகுதி.

இப்படி ஒன்றைச் சேகரிப்பில் சேர்க்க விரும்பும் நிறுவனம் கேட்டு வாங்க வேண்டியவை: வடிகாலின் நீளம், அகலம், ஆழம் குறித்த வரைபடம், நீர் எவ்வளவு உயரம் நின்றது, எவ்வளவு நேரம் நீடித்தது, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, பார்வையாளர் எங்கே நின்றார்கள், அசல் புகைப்படங்களின் உரிமை யாரிடம், வேறொருவர் நிகழ்த்தலாமா, வேறு கட்டிடத்தில் நிகழ்த்தலாமா, நிகழ்த்தவே கூடாதா என்று கலைஞர் கைப்பட எழுதிய பதில். ஐந்தாறு பக்கம் வரும். அமிலமற்ற உறையில் போட்டு, சேகரிப்பு எண் எழுதி, டிஸ்ட்ரிபார்க்குக்கோ ஜூரோங்குக்கோ ஒருவரே கையில் எடுத்துப் போய்விடலாம்.